ஆராயி பெயரில் ஒரு நோய்

அத்தியாயம் 14

நாமக்கல் வட்டாரத்தில் பாலசுந்தரத்தைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் தலையைக் குனிந்துகொண்டே நடப்பவராக இருக்கவேண்டும். நிமிர்ந்து பார்த்தால் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸ் பேனரிலிருந்து பெரியவர் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று கோழிப்பண்ணை அவருக்கு. அதற்கு மேல் பதினோரு சங்கங்களில் பொறுப்பு. அவற்றில் ஒன்று மகளிர் புற்றுநோய் விழிப்புணர்வுக் குழு. போன தை மாதம் அந்தக் குழுவின் நடைப்பயணத்தைப் பச்சைக்கொடி காட்டித் தொடங்கி வைத்தவர் அவர்தான். கொடியை அசைத்துவிட்டுக் காரில் போய்விட்டார். நடப்பது மகளிரின் வேலை.

அப்பேர்ப்பட்ட வீட்டின் மருமகள் தேவிப்ரியாவுக்குப் பித்தப்பையில் கல் என்பது ஊர் அறிந்த செய்தி. ஆறு மாதமாகக் கரையாத கல். பித்தப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் வித்தியாசம் பாராத சொந்தக்காரர்கள் வாழைத்தண்டுச் சாறாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அது கல் இல்லை, கர்ப்பப்பை வாயில் வந்த புற்று என்பது வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். மாமனார், அவள், அவள் கணவன் முருகானந்தம். தன் மகள் மோகனப்பிரியாவுக்கு ஒரு பள்ளிக்கூட அதிபர் வீட்டில் நிச்சயம் செய்திருந்த பாலசுந்தரம், 'அந்த எடத்து நோவு' என்ற வார்த்தை வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சேலம் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் முருகானந்தம் பேனாவோடு நின்ற அன்றைக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. "நம்ம ஊட்டுப் பேரு அங்க வேண்டாம். வேற பேரு குடு." வேறு பேருக்கு எங்கே போவது? பண்ணை ஆட்களின் காப்பீட்டுக்காக வாங்கிய ஆதார் நகல்கள் காரில் கிடந்தன. மேலே இருந்தது ஆராயியுடையது. முட்டை பொறுக்கும் ஆராயி. நகலில் முகம் ஒரே கருப்பு. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அவன் எழுதினான். தேவிப்ரியா ஆராயி ஆனாள். அந்தப் பெயரில் அறுவை நடந்தது, கதிர்வீச்சும் கீமோவும் நடந்தன. "ஆராயி" என்று நர்ஸ் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் அவள் பழகிக்கொண்டாள். போன மாதம் வயிற்றில் நீர் கோத்தபோது, நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் சித்ரா ஆராயியிடம்தான் சொன்னார். அழுதது தேவிப்ரியா.

இன்றைக்குச் சனிக்கிழமை. அந்தப் பெயர் ஒரு முட்டுச்சந்தில் வந்து நின்றது.

*

"ரத்தந்தானே? ஆராயியக் கூட்டிட்டுப் போயி எடுத்துக் குடுத்துட்டு வந்திரு. அதுக்கு எதுக்கு இத்தனை நாயம்?" என்றார் பாலசுந்தரம், காரின் முன் சீட்டில் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தபடி. சேலத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு மணிக்கு அவருக்குத் தலைமை உரை. தலைப்பு, 'மறைக்காதே பெண்ணே'.

முருகானந்தம் பின்கண்ணாடியைப் பார்த்தான். பின்சீட்டில் தேவிப்ரியா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வயிறு ஏழு மாதம் போல் இருந்தது. மற்றதெல்லாம் வற்றிவிட்டது.

"அப்பா, டாக்டர் சொன்னதை நேத்தே சொன்னனுங்களே. இது அபூர்வ வகை. எல்லாருக்கும் குடுக்கற மருந்து இதுக்குக் கேக்கறதில்லை. அதனால கட்டியோட மரபணுவைப் படிச்சுப் பாத்து, அதுல எங்க கோளாறோ அதுக்குன்னு மருந்து தேடறாங்க. மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற கட்டித்துண்டு ஒருபக்கம், ரத்தம் ஒருபக்கம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கோணும்."

"பாக்கட்டும். நாம வேண்டாம்னா சொன்னம்?"

"ரெண்டும் ஒரே ஆளோடதா இருக்கோணுமுங்க."

"பெங்களூரு லேப்காரன் அசல் ஆதாரையும் மூஞ்சியையும் பாத்துட்டுத்தான் ரத்தம் எடுப்பானாம். அப்ப அந்த மூஞ்சிதானே போவோணும்? இப்பப் போயிப் பேரு மாத்துனோம்னா, ஆறு மாசம் ஏமாத்துனீங்களான்னு போலீசு வரைக்கும் போவும். கண்ணாலத்துக்கு இருபது நாள் இருக்குது." பாலசுந்தரம் கையை விரித்தார். "ரத்தம்னா எல்லாருக்கும் செவப்புத்தான்டா."

முப்பத்தொன்பது வயது முருகானந்தம் கியரை மாற்றினான். அப்பாவுக்கு எதிராக ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க அவனுக்கு வரும். முடிக்க வராது.

பெரியவர் போனை எடுத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரனைப் பிடித்தார். "ஏப்பா, கண்ணாலப் பேனர்ல எம்பேத்தி மோனிஷா போட்டோவுல ஒதட்டுப் புள்ளியெல்லாம் எதுக்கு அழிச்சே? அழகு பண்ணுனயா? அது மச்சம்டா. எங்கம்மா வழி மச்சம். மகாலட்சுமி அம்சம். ஒண்ணு கொறையாம திருப்பி வையி!"

தேவிப்ரியா கண்ணைத் திறந்தாள். எதையோ சொல்ல வந்தவள் போல உதட்டைப் பிரித்து, மறுபடி மூடிக்கொண்டாள்.

புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஆராயி நின்றிருந்தாள். துவைத்த சேலை, கையில் மஞ்சப்பை. பஸ்ஸில் வரவேண்டும், வழியிலும் ஆஸ்பத்திரியிலும் தேவிப்ரியாவைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. கார் அவளைத் தாண்டியபோது அவள் உத்தரவுப்படி வேறு பக்கம் பார்த்தாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க" என்றாள் தேவிப்ரியா.

"அவ பஸ்ஸுல வருவா" என்றார் மாமனார்.

"ஆறு மாசமா அவ பேருல நான் படுத்திருக்கறனுங்க, மாமா. அரை மணி நேரம் எம்பக்கத்துல அவ ஒக்காரட்டும்."

இந்த ஆறு மாதத்தில் மாமனாரிடம் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். முருகானந்தம் பிரேக்கை மிதித்தான்.

*

ஆராயி கதவோரமாக, சீட்டின் கால்வாசியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்லா ஒக்காரு, ஆராயி."

"இருக்கட்டுங்க அம்மிணி. உங்களுக்கு எப்படிங்க இருக்குது?"

"இருக்கறேன். நீ எளைச்சுட்டே."

"அட, அதெல்லாமில்லீங்க." ஆராயி பையின் காதைத் திருகினாள். பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்பது போல மெதுவாக ஆரம்பித்தாள். "போன மாசம் ஆஸ்பத்திரியில குடுத்த வெலாசத்தப் பாத்து ஊட்டுக்கு நர்சம்மா வந்துச்சுங்க. கையில நோட்டு. ஆராயிங்கறது யாரு, ஆபரேசன் பண்ணிக்கிட்டயே, மாத்திரை போடறயான்னு வாசல்ல நின்னு சத்தமாக் கேட்டுச்சுங்க. நான் என்னத்தச் சொல்றதுங்க? பெரியய்யா யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. ஆமாங்க, போடறேன்னு சொல்லிட்டனுங்க."

தேவிப்ரியா அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க. அந்த நோவு தொத்திக்கும்னு மருமவ பேரப்பையனைத் தூக்க உடமாட்டேங்கறா. பண்ணையில சோத்து நேரத்துக்கு நான் ஒக்காந்தா, எல்லாரும் எந்திரிச்சுத் தள்ளிப் போறாங்க. புருசன் இல்லாதவளுக்கு அந்த எடத்துல நோவு எப்படி வந்துச்சுன்னு..." நிறுத்திக்கொண்டாள். "விடுங்க அம்மிணி. வாயின்னா நாலும் பேசும்."

முன் சீட்டில் பாலசுந்தரம் தலைமை உரையின் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமும் புரளவில்லை. தேவிப்ரியா ஆராயியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முட்டை அட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த கை. அதன்மேல் ஊசி குத்திக் கறுத்த கை.

முருகானந்தம் கண்ணாடியில் அதைப் பார்த்தான். அந்த வீட்டின் மானம் காப்பாற்றப்பட்டதாகத்தான் இதுவரை நினைத்திருந்தான். காப்பாற்றப்படவில்லை. அவமானத்தைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். லாரியில் சரக்கு இறக்குவது போல. இறக்கியதற்கு ரசீது எழுதியது அவன் கை.

கல்லூரி வாசலில் பெரியவர் இறங்கினார். மாலையோடு நாலு பேர் ஓடிவந்தார்கள். கதவை மூடுமுன் குனிந்து, "ஒழுங்கா முடிச்சுட்டுப் போன் பண்ணு" என்றார். அவருக்குப் பின்னால் பேனரில், மறைக்காதே பெண்ணே என்று சொல்லிக்கொண்டு அவரே நின்றிருந்தார், எட்டடி உயரத்தில்.

*

ரத்தம் எடுக்கும் அறை சின்னது. தேவிப்ரியாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முருகானந்தம் ஆராயியோடு உள்ளே போனான். பெங்களூரு லேப்பின் ஆள் பிரபாகர், தெர்மாகோல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். கெட்டிக்காரப் பையன். ஆதாரையும் முகத்தையும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"ஆராயி?"

"ஆமாங்க."

ஆறு மாதத்தில் இந்த ஆஸ்பத்திரிக்குள் அந்தப் பெயர் உண்மையான சொந்தக்காரியின் வாயிலிருந்து வந்தது அதுவே முதல்முறை.

"வயசு?"

"நாப்பத்தொண்ணுங்க."

"கையெழுத்தா, கைநாட்டா?"

"எழுதுவனுங்க." பேனாவை வாங்கி, கோணலாக, ஆனால் ஒரு எழுத்தையும் விடாமல் எழுதினாள்.

பிரபாகர் மேல் கையில் ரப்பர் குழாயைக் கட்டினான். நரம்பு கயிறு போல எழுந்தது. "அடேங்கப்பா. கீமோ போன கையின்னே சொல்ல முடியாது. வழக்கமா நரம்பைத் தேடித் தேடிக் குத்துவோம்."

"அவங்க ஒடம்பு அப்படி" என்றான் முருகானந்தம். பொய் இப்போதெல்லாம் அவனைக் கேட்காமலே வாயிலிருந்து இறங்கிவிடுகிறது.

இன்னும் ஒரு நிமிடம். ரத்தம் நாலு சின்னக் குழாயில் ஏறும். பெட்டிக்குள் ஆராயியின் ரத்தமும் தேவிப்ரியாவின் சதையும் ஒரே பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் படுத்துப் பெங்களூரு போகும். அங்கே இரண்டும் ஒட்டாது. சேரவில்லை என்று திருப்பி அனுப்பினாலும் மூன்று வாரம் போய்விடும். தேவிக்கு எத்தனை மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

பஞ்சால் துடைத்துவிட்டுப் பிரபாகர் ஊசியை எடுத்தான். ஆராயி ஊசியைப் பார்க்கவில்லை. முருகானந்தத்தைப் பார்த்தாள்.

"சின்னய்யா, இதைக் குடுத்தா அம்மிணிக்கு நல்லாயிருமுங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். இன்னும் ரெண்டு குழாய் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்ற முகம்.

"இல்ல" என்றான் முருகானந்தம்.

பிரபாகர் நிமிர்ந்தான்.

"ஊசியை வெச்சிருங்க தம்பி. இது அவங்க ரத்தமில்ல. அந்தக் கட்டி இவங்களோடதில்ல. நோயாளி வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்கறாங்க. அவங்க எம்பட சம்சாரம். பேரு தேவிப்ரியா."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டான். ஆராயி ரப்பர் குழாயைத் தானே அவிழ்த்து, மடித்து, மேசைமேல் வைத்தாள்.

*

டாக்டர் சித்ரா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பழுப்புக் கோப்பை மூடிவைத்துவிட்டு, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு மாசமா நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன்?"

கோப்பின் மேலிருந்த பெயரை விரலால் தட்டினார்.

"ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு நான் எழுதியாகணும். நீங்களும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடணும். அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது." ஆராயி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இந்த நோய் இல்லைன்னு என் கையெழுத்துல ஒரு கடிதம் தர்றேன்மா. நீங்க சொன்ன அந்த நர்சம்மாகிட்ட நானே பேசறேன்."

"சத்தமாச் சொல்லச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் ஆராயி. "வாசல்ல நின்னு கேட்டாப்பல, வாசல்ல நின்னே சொல்லோணும்."

அவள் வெளியே போனதும் டாக்டர் கோப்பின் முதல் பக்கத்தைப் பிரித்தார். "குடும்ப வரலாறுன்னு ஒரு கட்டம் இருக்கு. தாய் உயிருடன் இருக்கிறார், வயது அறுபத்தைந்து, நோய் ஏதுமில்லை. இது யாரோட அம்மா?"

"ஆராயியோட அம்மாங்க" என்றான் முருகானந்தம். அந்தக் கட்டத்தையும் அவன்தான் நிரப்பினான். பேர் ஆராயி என்றால் அம்மாவும் ஆராயி அம்மாவாகத்தானே இருக்கவேண்டும் என்ற ஒழுங்கு உணர்ச்சியோடு.

"எங்கம்மா நாப்பத்திரெண்டு வயசுல போயிட்டாங்க" என்றாள் தேவிப்ரியா. "சின்ன வயசுல இருந்தே வயித்துவலி. குடல்ல கட்டி கட்டியா இருக்குதுன்னாங்க. ஒருக்கா ஆபரேசன் பண்ணுனாங்க. ரெண்டாவது தடவை பொழைக்கல."

டாக்டரின் பேனா நின்றது. டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "வாயைத் திறங்கம்மா."

கன்னத்தின் உட்பக்கத்தில் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கருப்புப் புள்ளிங்க... இதை நான் முன்னாடியே பார்த்தேன். மருந்தினால வந்த கருமைன்னு விட்டுட்டேன். அம்மா வரலாறு தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டேன். இது எப்பலிருந்து இருக்கு?"

"பொறந்ததிலிருந்துங்க. சின்னதுல ஒதட்டு மேலயும் இருந்துச்சு. கண்ணாலத்துக்கு அப்புறம் மங்கிப்போச்சு. எங்கம்மாவுக்கும் இருந்துச்சுங்க."

முருகானந்தம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான்.

"ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு இருக்கிற குடும்பங்கள்ல உதட்டுல இந்த மாதிரிப் புள்ளி வரும். குடல்ல கட்டி வரும். அபூர்வமா, உங்களுக்கு வந்திருக்கிற இதே வகைப் புற்றும் வரும்" என்றார் டாக்டர். "இப்ப நான் உறுதியாச் சொல்லல. உங்க ரத்தம் பெங்களூரு போய் வந்தாத்தான் தெரியும். கட்டியில மட்டும் கோளாறா, இல்ல, பிறக்கும்போதே வந்ததான்னு ரத்தந்தான் சொல்லும். உங்களுக்கு ஏத்த மருந்து இருக்கான்னு கட்டி சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். அதையும் நான் மறைக்கமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தம்மா ரத்தம் போயிருந்தா, ரெண்டுமே தெரிஞ்சிருக்காது."

மேசைமேல் இருந்த முருகானந்தத்தின் போன் அதிர்ந்தது. 'அப்பா'. பதினேழாவது தடவை. உரை முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவன் அழைப்பைத் துண்டித்தான்.

பெயர் மறைந்து, திரையில் மோனிஷா வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. விடுதிப் பள்ளிக்குக் கிளம்பிய அன்று, பெட்டிமேல் உட்கார்ந்து எடுத்த படம். பல் தெரியச் சிரிக்கிறாள்.

டாக்டர் அதைப் பார்த்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமாங்க."

"ஒரு நிமிஷம் குடுங்க."

வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்தார். பெட்டி வெளியே போனது. ரெட்டைச் சடை போனது. கண்ணும் மூக்கும் போயின. கடைசியில் திரை முழுக்க அந்த உதடு மட்டும் நின்றது. அதன்மேல் கடுகு தூவினாற்போல ஏழெட்டுப் புள்ளிகள், ஒன்றுகூடக் குறையாமல்.

எங்கம்மா வழி மச்சம் என்று பதினாலு வருடமாக வந்தவர் போனவரிடமெல்லாம் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்த மகாலட்சுமி அம்சம். அவர் அம்மாவுக்கு அப்படி ஒரு மச்சமே கிடையாது என்று தேவிப்ரியாவுக்குத் தெரியும். பெரியவரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"பாப்பாவை அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர் மெதுவாக. "பயப்படுத்த வேண்டாம். இருக்கான்னு முதல்ல பார்ப்போம். இருந்தாலும், முன்கூட்டியே தெரிஞ்சா கண்காணிக்கலாம். உங்களுக்குக் கிடைக்காத காலம் அவளுக்கு இருக்கு."

இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பழக்க தோஷத்தில் முருகானந்தம் பேனாவை எடுத்தான். போன் மறுபடி அதிர்ந்தது. அவன் கை தயங்கியது.

தேவிப்ரியா எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அவன் விரலிலிருந்து பேனாவை வாங்கினாள். அவன் விட்டான். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

பெயர்: மோனிஷா.

தாயார் பெயர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஆறு மாதமாக எழுதாத பெயர்.

தேவிப்ரியா என்று எழுதிவிட்டு, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மாமா," என்றாள், "அந்த ஃப்ளெக்ஸ்காரனைப் புள்ளியெல்லாம் அப்படியே வெக்கச் சொல்லுங்க. ஆனா, அது உங்கம்மா வழி இல்லீங்க. எங்கம்மா வழி."